குளிர்காலத்தில் படகும் படகுத்துறை ஜெட்டியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் குளிர்காலம் ஜூனில் தொடங்குகிறது. ஜூன் பிறந்தால் போதும், எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். டர்பனிலிருந்து வார இறுதிக்கு மட்டும் அண்டர்பெர்க், ஹிமவில் பக்கம் போகிறவர்கள் கேட்பார்கள். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஜோஹானஸ்பர்க்குக்கு வேலைக்கு வந்து, பழைய படகு ஒன்றை வாங்கிவிட்டு முதல் குளிரைப் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். அப்புறம் கனடாவில் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள். இவர்கள்தான் அதிகம் பயப்படுகிறார்கள், ஏனென்றால் அங்கே நடப்பதையெல்லாம் வீடியோவில் பார்த்துவிடுகிறார்கள். ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்ப பதில் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

நம்ம ஊர் டேம் எல்லாம் நிஜமாவே உறையுமா? சும்மா பயமுறுத்துறாங்களா?

டேம் முழுக்க உறைவதை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். மிட்மார், ஸ்டெர்க்ஃபான்டைன், வால் மாதிரிப் பெரிய நீர்த்தேக்கங்கள் குளிர்காலத்திலும் திறந்த தண்ணீராகத்தான் இருக்கும். ஆனால் பண்ணை டேம், ட்ரௌட் மீன் விட்டிருக்கும் சின்னக் குளம், வீட்டுத் தோட்டத்துக் குட்டை, இவற்றின் ஓரங்கள் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை விடிகாலையில் உறைவதுண்டு. டல்ஸ்ட்ரூம் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஹாரிஸ்மித் அருகிலுள்ள ஸ்டெர்க்ஃபான்டைன் சுமார் 1,700 மீட்டர். அந்த உயரத்தில் இரவு மைனஸ் நாலு, ஐந்து என்பது செய்தியே இல்லை. ஈஸ்டர்ன் கேப்பில் மோல்டினோ பக்கத்து பஃபல்ஸ்ஃபான்டைனில் மைனஸ் 18-க்கும் கீழே பதிவாகியிருக்கிறது. ஆப்பிரிக்காதானே என்று இருந்துவிட முடியாது.

இருந்தாலும், இந்தப் பதில்கள் எல்லாவற்றிலும் நான் சுற்றிச் சுற்றிச் சொல்லப்போவது ஒன்றுதான். படகைச் சுற்றியிருக்கும் தண்ணீர் இங்கே பெரிய தொல்லை தராது. படகுக்குள் தேங்கி நிற்கும் தண்ணீர், ஜெட்டிப் பலகையில் படியும் உறைபனி, ஐஸை விரட்டுகிறேன் என்று தண்ணீருக்குள் கொண்டுபோகும் மின்சாரம், இந்த மூன்றும்தான் பணத்தையும் சில சமயம் ஆளையும் பறிக்கின்றன.

ராத்திரி மைனஸ் அஞ்சு போகுது. அப்புறம் ஏன் டேம் உறைய மாட்டேங்குது?

தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிகக் கனமாக இருக்கும். மேல்தண்ணீர் குளிர்ந்து 4 டிகிரியை நெருங்கும்போது கனத்துக் கீழே இறங்கும். அடியிலிருந்து கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் மேலே வரும். மேலிருந்து அடிவரை மொத்தமும் 4 டிகிரிக்கு வந்த பிறகுதான் மேற்பரப்பு அதைவிடக் குளிர்ந்து, லேசாகி, மேலேயே தங்கி, உறைய ஆரம்பிக்கும். ஸ்டெர்க்ஃபான்டைன் அணைச்சுவரின் உயரம் மட்டும் 93 மீட்டர். அவ்வளவு தண்ணீரையும் 4 டிகிரிக்கு இறக்க நம் குளிர்காலத்துக்கு நாள் போதாது. பகலில் வெயில் வேறு அடிக்கிறது. காற்றும் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கும்.

இடுப்பளவுக் குளத்தில் இதே வேலை சில இரவுகளில் முடிந்துவிடும். காற்றில்லாத, மேகமில்லாத இரவு என்றால் இன்னும் சீக்கிரம். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் வந்து தேங்கும். அதனால் மேட்டிலுள்ள குளத்தைவிடப் பள்ளத்தாக்கின் அடியிலிருக்கும் குளம் முதலில் உறையும். இந்தியா, இலங்கையிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே குளிர்கால வெயில் வடக்கிலிருந்து சாய்வாக வருகிறது. குளத்துக்கு வடக்கே மலையோ மரக்கூட்டமோ இருந்தால் மத்தியானம் வரை நிழல்தான். ஜெட்டி கட்ட இடம் பார்க்கும்போது இதைக் கவனியுங்கள்.

நான் டர்பன் ஹார்பரில் படகு வைத்திருக்கிறேன். எனக்கும் இதெல்லாம் தேவையா?

ஹார்பரிலேயே இருந்தால் தேவையில்லை. டர்பன் கடல் குளிர்காலத்திலும் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். கடல்நீர் உறைய மைனஸ் 1.9 வரை போக வேண்டும். கேப் டவுன் தண்ணீர் எலும்பைக் கடிக்கும், ஆனாலும் உறையாது. அங்கே எஸ்.ஏ. அகுல்ஹாஸ் 2 என்ற ஐஸ் உடைக்கும் கப்பல் நிற்பது அன்டார்க்டிகாவுக்குப் போய்வர. டர்பனில் நமக்குக் குளிர்காலம் என்றால் சார்டின் வரும் காலம், ஐஸ் என்றால் மீன் பெட்டியில் கொட்டுவது.

ஆனால் அதே படகை ட்ரெய்லரில் மாட்டி, வேன் ரீனன் கணவாய் ஏறி உள்நாட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால் கீழே சொல்வதெல்லாம் உங்களுக்கும் உண்டு. நான் பார்த்தவரை உறைந்து வெடித்த இன்ஜின்களில் பாதிக்கு மேல் கடற்கரைக்காரர்களுடையவை. உப்பு போக இன்ஜினை நல்ல தண்ணீரில் கழுவும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. கழுவிய தண்ணீரை வடிய விடும் பழக்கம் இருப்பதில்லை.

காலையில் படகைச் சுற்றி மெல்லிசா ஐஸ் பிடிச்சிருக்கு. உடைச்சு விடணுமா?

விட்டுவிடுங்கள். இந்த மெல்லிய தகடு பெரும்பாலும் பத்து, பதினொரு மணிக்குள் தானே கரைந்துவிடும். மண்வெட்டியாலோ துடுப்பாலோ அடித்தால் ஐஸோடு ஃபைபர் கிளாஸின் மேல்பூச்சும் பெயரும். வெந்நீர் ஊற்றுவதும் வேண்டாம். அந்த நேரத்துக்குக் கரையும், அடுத்த இரவு அதே தண்ணீர் பலகையில் வழிந்து உறைந்திருக்கும்.

ஐஸுக்குள் இன்ஜினைப் போட்டு ஓட்டிப் போவதையும் தவிருங்கள். மெல்லிய ஐஸின் விளிம்பு கூர்மையானது, தண்ணீர் மட்டக் கோட்டில் பூச்சைக் கீறிவிடும். காற்றடைத்த ரப்பர் டக் படகு என்றால் கிழித்தே விடும். சின்னக் குளத்தில் நிற்கும் படகை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கரையேற்றி வைப்பதுதான் எல்லாவற்றிலும் மலிவான வழி.

அப்ப குளிரில் படகு எதனாலதான் கெடுது?

உள்ளே நிற்கும் தண்ணீரால். தண்ணீர் உறையும்போது அதன் கொள்ளளவு சுமார் 9 சதவீதம் கூடும். மூடிய குழாயிலோ வார்ப்பிரும்புக்குள்ளோ அது விரிய இடமில்லை என்றால் இரும்பைப் பிளந்துகொண்டு விரியும். பெரிய டேம்களில் வேக்போர்டு சறுக்கலுக்கு வைத்திருக்கும் ஸ்டெர்ன்டிரைவ் படகுகள்தான் (இன்ஜின் படகுக்குள்ளும் ப்ரொப்பெல்லர் பின்னாலும் இருப்பவை) இதில் முதலில் அடிபடும். அவற்றில் பல, டேம் தண்ணீரையே உறிஞ்சி இன்ஜினைக் குளிர்விப்பவை. படகைக் கரையேற்றிய பிறகும் பிளாக்கிலும் மேனிஃபோல்டிலும் லிட்டர் கணக்கில் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். ஒரே ஒரு நல்ல உறைபனி இரவு போதும்.

வடிப்பு அடைப்பான்கள் எங்கே இருக்கின்றன என்று அந்த இன்ஜினின் கையேட்டில் பார்த்து, எல்லாவற்றையும் கழற்றுங்கள். கழற்றியதும் தண்ணீர் வராவிட்டால் காலியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். துருவும் மணலும் துளையை அடைத்திருக்கும். ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். அப்புறம் எல்லோரும் மறப்பது மீன் தொட்டி பம்ப், படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பின் வளைந்த குழாய், டெக் கழுவும் குழாய், உள்ளே வாஷ்பேசின் இருந்தால் அதன் அடிவளைவு. இதில் எது வெடித்தாலும் குளிரில் தெரியாது. செப்டம்பரில் படகை இறக்கிய பிறகுதான் தண்ணீர் உள்ளே வருவது தெரியும்.

ட்ரெய்லரில் நிற்கும் படகின் பங் (அடியிலுள்ள வடிதுளையின் அடைப்பான்) கழற்றியே இருக்க வேண்டும், மூக்கு கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். கழற்றிய பங்கை ஸ்டீயரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். இறக்கும் அன்றைக்கு அது கண்ணில் படாவிட்டால் நடக்கும் கூத்தை படகு இறக்கும் சரிவான ஸ்லிப்வேயில் நிற்கும் அத்தனை பேரும் போனில் படம் பிடிப்பார்கள்.

அவுட்போர்டைத் தூக்கி வைக்கணுமா, இறக்கி வைக்கணுமா?

இறக்கி, நேராக. படகின் பின்னால் வெளியே மாட்டும் இன்ஜினான அவுட்போர்டின் குளிர்விக்கும் தண்ணீர் நேராக நின்றால் தானே வடிந்துவிடும்படி செய்திருக்கிறார்கள். தூக்கிய நிலையில் விட்டால் உள்ளேயும் ப்ரொப்பெல்லர் நடுவிலும் தண்ணீர் தங்கும், மழை பெய்தாலும் அதில் சேரும். ட்ரெய்லரில் ஓட்டிக்கொண்டு போகும்போது தூக்கித்தான் ஆக வேண்டும். போய்ச் சேர்ந்ததும் இறக்கிவிடுங்கள்.

அடிப்பகுதி கியர் எண்ணெயையும் குளிருக்கு முன்பே மாற்றிவிடுங்கள். எண்ணெய் பால் நிறத்தில் வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். அந்தத் தண்ணீர் கீழே தங்கி உறைந்தால் கியர் பெட்டியே பிளக்கும். சீல் மலிவு, கியர் பெட்டி மலிவில்லை.

காருக்கு ஊற்றும் கூலன்ட்டையே படகுக் குழாய்களில் ஊற்றி விடலாமா?

டேம் தண்ணீரில் போய்க் கலக்கப்போகும் எதிலும் ஊற்ற வேண்டாம். கார் கூலன்ட் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்காலில் செய்தது. அது நஞ்சு, இனிப்பாகவும் இருக்கும். தரையில் சிந்தியதை நாய் நக்கினால் பிழைப்பது கஷ்டம். படகு, கேரவன் குழாய்களுக்கென்று புரோப்பிலீன் கிளைக்காலில் செய்த திரவம் தனியாக விற்கிறார்கள். வாங்கும்போது டப்பாவில் அந்தப் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

நம் குளிருக்கு நான் அதைக்கூட அதிகம் சிபாரிசு செய்வதில்லை. முழுக்க வடித்துவிட்டால் ஊற்ற வேண்டிய அவசியம் வராது. வடிக்க முடியாத வளைவுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் மிச்சம் தண்ணீர் நின்றால் ஊற்றிய திரவம் நீர்த்துப்போய்ப் பயனில்லாமல் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவரணுமா?

கொண்டுவந்தால் நல்லது, அதைவிட முக்கியம் அதை முழுக்கச் சார்ஜ் செய்து வைப்பது. முழுச் சார்ஜில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி மைனஸ் 50-க்கும் கீழே போனால்தான் உறையும். தீர்ந்துபோன பேட்டரி பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேயே உறைந்து வெடிக்கலாம். மீட்டர் வைத்துப் பார்த்தால் ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. உறைந்த பேட்டரியைச் சார்ஜரில் மாட்டாதீர்கள்.

காலையில் ஜெட்டி சோப்பு போட்ட மாதிரி வழுக்குது. உப்பு தூவினா சரியாகுமா?

சரியாகும், ஆனால் தூவாதீர்கள். உப்பு ஐஸைக் கரைக்கும், கூடவே ஜெட்டியின் ஆணி, போல்ட், சங்கிலி எல்லாவற்றையும் அரிக்கும். கான்கிரீட்டுக்குள் இறங்கினால் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கரைந்து வழிவது நேராகக் குளத்துக்குத்தான் போகும். கரடுமுரடான ஆற்று மணல் ஒரு வாளி, அல்லது பலகை மேல் இழுத்து அறைந்த கோழி வலை போதும். வலையின் வெட்டிய முனைகளை உள்ளே மடித்துவிடுங்கள், பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடி வருவார்கள்.

வராந்தாவில் மாட்டிய தெர்மாமீட்டர் 3 டிகிரி காட்டுகிறது, உறைபனி இருக்காது என்று நம்பி நடக்காதீர்கள். தெளிந்த வானத்தின் கீழே பலகை தன் சூட்டை இழந்துகொண்டே இருக்கும். காற்றைவிட மூன்று, நாலு டிகிரி குறைந்து, காற்றில் பூஜ்யத்துக்கு மேலே இருக்கும்போதே பலகையில் உறைபனி படியும். மீன் பிடிக்கிறவர்கள் ஜெட்டியில் நடமாடும் நேரமும் அதேதான், சூரியன் எழும் முன். முழங்கால் பிசகினால் பரவாயில்லை, 8 டிகிரித் தண்ணீருக்குள் கனத்த ஜாக்கெட்டோடு விழுந்தால் கதையே வேறு. லைஃப் ஜாக்கெட்டைப் படகில் ஏறிய பிறகு போடுவது என்று வைத்துக்கொள்ளாமல், ஜெட்டியில் கால் வைக்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

டொரன்டோவில் அத்தான் ஜெட்டிக்கு பப்ளர் போட்டிருக்கார். எனக்கும் ஒண்ணு அனுப்பட்டுமானு கேட்கிறார். வாங்கிக்கலாமா?

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். மேலே இரண்டாவது பதிலில் சொன்னபடி, உறையும் ஏரியின் அடியில் 4 டிகிரிக்குப் பக்கத்தில் தண்ணீர் இருக்கும். பப்ளர் என்பது கரையில் ஒரு கம்ப்ரஸர், அடியில் துளை போட்ட ஒரு குழாய். குமிழிகள் மேலே ஏறும்போது அந்த வெதுவெதுப்பான தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வந்து, ஜெட்டியைச் சுற்றி ஐஸ் கட்டாமல் பார்த்துக்கொள்ளும். இதே வேலையைச் செய்யும் இன்னொரு வகை உண்டு: ப்ரொப்பெல்லர் மாட்டிய மோட்டாரைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள்ளேயே தொங்கவிடுவது. இரண்டும் தண்ணீரைச் சூடாக்குவதில்லை. அடியில் இருக்கும் வெப்பத்தை மேலே கொண்டுவருகின்றன, அவ்வளவுதான்.

கனடாவில் ஐஸ் அடி கணக்கில் தடித்து மாதக்கணக்கில் நிற்கும், அங்கே அத்தானுக்கு அது தேவை. பத்து மணிக்குக் கரையும் தகட்டுக்காக நமக்கு அது வேண்டாம். இன்னொன்று, அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கிருந்து வந்த மோட்டாரை நேரடியாக இங்கே மாட்டினால் புகைந்துவிடும். அத்தானிடம் வேறு ஏதாவது கேளுங்கள்.

எங்க குளம் நாலடிதான். ட்ரௌட் விட்டிருக்கோம். ஐஸ் மூடினா மீன் செத்துடும்னு பப்ளர் போட்டாச்சு. சரிதானே?

எங்கே போட்டிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆழமில்லாத குளத்தின் மிக ஆழமான இடத்தில் பப்ளரைப் போட்டால், அடியிலிருக்கும் கொஞ்சநஞ்ச வெப்பத்தையும் மேலே கொண்டுவந்து காற்றில் விட்டுவிடுவீர்கள். குளிருக்கு மீன்கள் ஒதுங்கும் இடமும் போய்விடும். ஓரமாக, பாதி ஆழத்தில் வைத்து, சின்ன ஒரு துவாரம் மட்டும் திறந்திருக்கும்படி ஓடவிடுங்கள். ட்ரௌட் குளிர்நீர் மீன், அது தாக்குப்பிடிக்கும். திலாப்பியா என்றால் ஐஸுக்கு வெகு முன்பே, 10 டிகிரியை ஒட்டியே தவிக்க ஆரம்பித்துவிடும்.

அப்படியே போட்டாலும் இருபத்துநாலு மணி நேரமும் ஓடணுமா? லோட் ஷெடிங்னு மின்வெட்டு வந்தா?

காற்றின் வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும்போது மட்டும் ஓடும்படி ஒரு தெர்மோஸ்டாட் போதும். அதன் உணரியை வெயில் படாத இடத்தில் வையுங்கள். டைமர் மட்டும் வைத்தால் வெதுவெதுப்பான இரவிலும் ஓடும், கடுங்குளிரில் நேரம் முடிந்துவிட்டதென்று நிற்கும். கரண்ட் போய் வந்தால் தானாகத் தொடங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஓரிரண்டு மணி நேரம் நின்றால் இங்கே ஒன்றும் குடிமுழுகாது.

கரண்ட்டையே தண்ணீருக்குள்ள கொண்டு போறது ஆபத்தில்லையா?

ஆபத்துதான், இந்தப் பட்டியலில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். வீட்டுக்குள் ஷாக் அடித்தால் கையை உதறி விலக வாய்ப்பிருக்கிறது. தண்ணீருக்குள் கசியும் மின்சாரம் நீந்துபவரின் தசைகளை இறுக்கிவிடும். கை கால் அசைக்க முடியாமல், கத்தவும் முடியாமல் மூழ்கிவிடுவார். நல்ல தண்ணீரில் இது கடலைவிட மோசம். உப்புநீர் மனித உடலைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும், அதனால் மின்சாரம் பெரும்பாலும் ஆளைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஏரி, டேம் தண்ணீர் அவ்வளவு கடத்தாது, உடல்தான் சுலபமான வழியாகிவிடும்.

இந்த நாட்டில் வீட்டு ப்ளக் பாயின்ட்டுகளுக்கு 30 மில்லிஆம்பியர் எர்த் லீக்கேஜ் (மின்கசிவு கண்டதும் கரண்ட்டைத் துண்டிக்கும் சாதனம்) கட்டாயம். ஜெட்டிக்குப் போகும் லைனும் அதன் கீழ் வர வேண்டும். மாதம் ஒரு தடவை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். அந்த லைனைப் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் போட்டு, இணக்கச் சான்றிதழ் கொடுத்திருக்க வேண்டும். மச்சான் கொண்டுவந்த எக்ஸ்டென்ஷன் கார்டை புல்மேல் இழுத்து, இணைப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைப்பதெல்லாம் வேண்டவே வேண்டாம். ஐஸுக்கு ஏதாவது போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் கம்ப்ரஸர் வகையையே பாருங்கள். மின்சாரம் கரையிலேயே நின்றுவிடும், தண்ணீருக்குள் காற்றுக்குழாய் மட்டும் போகும்.

ஜெட்டி அருகே நீந்தும்போது உடம்பில் சுருசுருவென்று இருந்தால் ஜெட்டியின் இரும்பு ஏணியைப் பிடிக்க வராதீர்கள், திரும்பி விலகி நீந்துங்கள். கரையில் இருப்பவர் குதிக்கக் கூடாது. முதலில் மெயினை அணைக்க வேண்டும், அப்புறம் கயிறோ மிதவையோ எறிய வேண்டும்.

அத்தான் பப்ளர் போட்டதுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வர்றாராம். அவருக்கென்ன?

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். அங்கே உறைந்த ஏரிமேல் ஆட்கள் நடக்கிறார்கள், சறுக்குகிறார்கள், ஸ்னோமொபைல் ஓட்டுகிறார்கள். பப்ளர் திறந்த தண்ணீரை மட்டும் உண்டாக்குவதில்லை. சுற்றிலும், வெளியே பார்த்தால் தெரியாத மெல்லிய ஐஸையும் உண்டாக்கும். ஸ்னோ மூடிவிட்டால் வித்தியாசமே தெரியாது. கனடாவின் குற்றவியல் சட்டம் 263-ஆம் பிரிவின்படி, பொதுமக்கள் நடமாடும் ஐஸில் துவாரம் உண்டாக்குபவர் அதைக் காவல் செய்து, எச்சரிக்கையும் வைக்கக் கடமைப்பட்டவர். அதில் விழுந்து யாராவது இறந்தால் வழக்கு மிகப் பெரிதாகிவிடும். திறப்பைத் தன் ஜெட்டி அளவுக்குச் சுருக்கிக்கொண்டு, இரவிலும் தெரியும்படி பலகையும் விளக்கும் வைக்கச் சொல்லுங்கள்.

ஐஸ் ஜெட்டித் தூண்களையே பிடுங்கிடும்னு கேள்விப்பட்டேன். இங்கேயுமா?

கனமான ஐஸ் உள்ள நாடுகளில் நடக்கும். ஐஸ் தூணை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஏரியின் மட்டம் உயரும்போது ஐஸ் தகடு தூணையும் சேர்த்துத் தூக்கும். கீழே உண்டான இடைவெளியில் மண் விழுந்து நிரம்பிவிடுவதால் தூண் திரும்ப இறங்காது. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஜெட்டி கோணிக்கொள்ளும்.

இங்கே அந்தப் பயம் இல்லை. நம் மிதக்கும் ஜெட்டிகளுக்குக் குளிர்காலப் பிரச்சினை மட்டம் குறைவது. நாட்டின் பெரும்பகுதியில் மழை கோடையில்தான், குளிர்காலம் முழுக்க டேம் வற்றிக்கொண்டே போகும். ஸ்டெர்க்ஃபான்டைனை ஒட்டிய டிரீக்லூஃபில் மின்நிலையம் தண்ணீரை ஏற்றி இறக்குவதால் மட்டம் மாறிக்கொண்டே இருக்கும். சங்கிலிக்குத் தளர்வு விடுங்கள், படகுக் கயிற்றை இறுகக் கட்டாதீர்கள்.

ரெண்டு நாள் வர மாட்டோம். கேபினுக்குள்ள ஒரு ஹீட்டர் போட்டு வச்சிட்டுப் போகலாமா?

வேண்டாம். ஆள் இல்லாத படகில் ஹீட்டர் என்றால் தீ. ஆள் இருக்கும் மூடிய கேபினில் மண்ணெண்ணெய் ஹீட்டரோ கரி போட்ட இம்பாவுலா அடுப்போ என்றால் கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே முடிந்துவிடும். தண்ணீரை வடித்துவிட்டால் கேபின் எவ்வளவு குளிர்ந்தாலும் கெடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

ஸ்னோ கொட்டினா கவர் தாங்குமா?

2024 செப்டம்பர் 20, 21-இல் வேன் ரீனன், ஹாரிஸ்மித் பக்கம் கொட்டியதில் என்3 நெடுஞ்சாலையே மூடிக்கிடந்தது. குளிர் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த நேரம். இங்கே விழுவது பெரும்பாலும் ஈரமான ஸ்னோ, கனம் அதிகம். 10 சதுர மீட்டர் கவர்மேல் 10 சென்டிமீட்டர் படிந்தால் 200, 300 கிலோ வரை வரும். கவர் நடுவில் குழி விழாதபடி உள்ளே ஒரு கழியை முட்டுக்கொடுத்து, கூரைபோல் சரிவாக வையுங்கள். மென்மையான துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். தண்ணீரில் நிற்கும் சின்னப் படகு இந்தக் கனத்திலேயே தாழ்ந்து, வடிதுளை வழியாகத் தண்ணீர் ஏறி மூழ்கலாம்.

பிள்ளைங்க ஐஸ் மேல நடக்கலாமானு கேட்கிறாங்க.

கூடாது. தெளிந்த, கெட்டியான ஐஸ் 10 சென்டிமீட்டராவது இருந்தால்தான் ஒரு ஆள் நடக்கலாம் என்பது குளிர்நாடுகளின் கணக்கு. இங்கே அந்தத் தடிமன் வருவதை நம்பவே கூடாது.

யாராவது விழுந்துவிட்டால் 1-10-1 என்ற கணக்கை நினைவில் வையுங்கள். மூச்சு கட்டுக்குள் வர 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம், குளிரால் நினைவு தவற சுமார் 1 மணி நேரம். முதல் நிமிடத்தில் பதறாமல் மிதந்தால் போதும். பின்னாலேயே குதிக்காதீர்கள், கழி, கயிறு, காலி கூல் பாக்ஸ், எது மிதக்குமோ அதை எறிந்துவிட்டு 112-ஐ அழையுங்கள். கடல் மீட்புக்காரர்களான என்.எஸ்.ஆர்.ஐ.க்கு வால், ஹார்ட்பீஸ்போர்ட் போன்ற உள்நாட்டு டேம்களிலும் நிலையங்கள் உண்டு, ஆனால் அண்டர்பெர்க் பண்ணைக் குளத்துக்கு அவர்கள் வந்து சேர நேரமாகும்.

தம்பி ஹாலிஃபாக்ஸில் இருக்கான். கடல்தண்ணியில் பப்ளர் சரியா வேலை செய்யலைங்கிறான். ஏன்?

4 டிகிரியில் அதிகக் கனம் என்ற குணம் நல்ல தண்ணீருக்குத்தான். உப்பு ஏற ஏற அந்தப் புள்ளி கீழே போகும். கடல்நீரின் அளவு உப்பில் தண்ணீர் உறையும் வரை கனத்துக்கொண்டே இருக்கும். அதனால் அடியில் வெதுவெதுப்பான தண்ணீர் சேர்ந்து காத்திருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. பப்ளருக்கு மேலே கொண்டுவர வெப்பமே இல்லாதபோது அது தண்ணீரை அசைக்க மட்டும் செய்யும். ஆறு வந்து கலக்கும் துறைகளில் நிலைமை இடத்துக்கு இடம் மாறும். முதலில் ஒரு கயிற்றில் தெர்மாமீட்டரைக் கட்டி அடியில் இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மேலும் கீழும் ஒரே வெப்பநிலை என்றால் அந்தப் பணம் வீண்.

தண்ணியை வடிக்காமலே விட்டுட்டேன். நேத்து ராத்திரி நல்ல குளிர். ஸ்டார்ட் பண்ணிப் பார்த்திடவா?

சாவியைத் தொடாதீர்கள். உள்ளே ஐஸ் இருக்கும்போது சுற்றினால் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் பிய்ந்துவிடும், குளிர்விக்கத் தண்ணீரே வராமல் இன்ஜின் சூடேறும். படகை வெயிலில் நிறுத்தி, ஒரு முழு நாள் தானாக உருகவிடுங்கள். ஹேர் டிரையர், வெந்நீர், ப்ளோ டார்ச் எதுவும் வேண்டாம். திடீர்ச் சூடு ஏற்கெனவே விழுந்த விரிசலை நீட்டும், பெட்ரோல் இருக்கும் இடத்தில் நெருப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உருகியதும் எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் நிறத்தில் இருந்தாலோ அளவு கூடியிருந்தாலோ பிளாக்கில் விரிசல், அங்கேயே நிறுத்திவிடுங்கள். எண்ணெய் சுத்தமாக இருந்தால் பிளாக்கின் பக்கவாட்டையும் மேனிஃபோல்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அடைப்பான்கள் சில வெளியே தள்ளப்பட்டிருக்கலாம். எல்லாம் சரியென்று தோன்றினால் மட்டும், கரையிலேயே, ஹோஸ் பைப்பில் தண்ணீர் கொடுத்துச் சில நிமிடம் ஓட்டி, பில்ஜில் தண்ணீர் சேர்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி எண்ணெயைப் பாருங்கள். டேமில் இறக்கிப் பரிசோதிப்பதை மட்டும் செய்யாதீர்கள். விரிசல் இருந்தால் ட்ரெய்லரில் இருக்கும் படகை மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போகலாம். நடு டேமில் நின்றுபோனதை முதலில் யாராவது வந்து கரைக்கு இழுத்துவர வேண்டும்.